சுகிர்தன் போய்ச் சேரும்வரை

இராசலிங்கத்தைக் கோயிலில் புதிதாக யாராவது சந்தித்தால், ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற விசாரணையெல்லாம் பிறகுதான் நடக்கும். "எங்கட வளவில ஒரு ஆஹோர்ன் மரம் நிக்குது" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். கனடாக் கொடியில் இருக்கிறதே, அந்த இலையின் மரம். ரொறொன்ரோவில் இருக்கும் சகலன் தொலைபேசியில் தன் நாட்டுப் பெருமையை அவிழ்த்துவிட்டால் போதும், "உங்கட கொடியில ஒரு இலைதானே ஐசே இருக்கு! இஞ்ச வந்து பாரும், கூரை வரைக்கும் கிடக்கு" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தப் பெருமைக்கு நியாயம் இருந்தது. எண்பத்தைந்தில் ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது ஒரு தோள்பை. அகதிமுகாமில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு, பிறகு பிட்சாக் கடையில் கோப்பை கழுவல், பிறகு பாண் தொழிற்சாலை, நான்காம் மாடியில் வாடகை வீடு. மண்ணில் கால் வைக்க வேண்டுமென்றால் அறுபத்தெட்டுப் படி இறங்க வேண்டும். 2002இல் டோர்ட்மண்ட் ஓரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், கூரை ஒழுகுவதையும் பார்க்கவில்லை, கீழறையில் பூஞ்சணம் பிடித்திருப்பதையும் பார்க்கவில்லை. முன்வளவில் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தார், வாங்கிவிட்டார். "வீட்டை வாங்கினீங்களோ, மரத்தை வாங்கினீங்களோ?" என்று மனைவி குணேஸ்வரி கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மரம் என்றால் இலை கொட்டும். அது தன் வளவோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. இராசலிங்கத்தின் மரத்துக்குப் பக்கத்து வீட்டு நோவாக்கின் கூரைப்பீலிதான் பிடித்த இடம். நோவாக் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வாசல் கூட்டும் சத்தத்தை வைத்தே தெருவார் மணிக்கூட்டைத் திருத்தலாம். 2005 இலையுதிர் காலத்தில் இலைகள் பீலியை அடைத்து, மழைத்தண்ணீர் அவருடைய கீழறைக்குள் இறங்கியது. அங்கே அவர் இருபது வருடமாகக் கட்டிவந்த விளையாட்டு ரயில்பாதை இருந்தது. ரயில், நிலையம், நிலையத்தில் பெட்டியோடு காத்து நின்ற சுண்டுவிரல் அளவுப் பயணிகள் எல்லோரும் மூழ்கிப்போனார்கள்.

மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இராசலிங்கம் தாங்கியிருப்பார். ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் நகரசபை இலை எடுக்க வரும் நேரத்துக்குள் வளவில் ஓர் இலைகூட இல்லாமல் துப்புரவாக்க வேண்டும், தவறினால் மரத்தை வெட்ட இருவரும் சேர்ந்து நகரசபைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்க வேண்டும். மூழ்கிய பயணிகளை நேரில் போய்ப் பார்த்திருந்த இராசலிங்கம் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்.

2006 நவம்பரில் நகரசபையின் அறிவித்தல் தபால்பெட்டிக்கு வந்தது. இலைகளைக் காகிதச் சாக்குகளில் கட்டி நடைபாதை ஓரத்தில் வையுங்கள், வண்டி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரும். அந்த வருடம் பார்த்து மரம் கடைசி வாரம்வரை பிடிவாதமாக நின்றுவிட்டு ஒரே மூச்சில் கொட்டியது. இராசலிங்கத்துக்கோ அந்த வாரம் பகல் வேலை, இருட்டில் போய் இருட்டில் வருவார். ஆகவே வியாழக்கிழமை வேலையில் ஒரு நாள் உர்லாவுப், அதாவது லீவு, எடுத்தார். புது விளக்குமாறு, புதுக் குப்பைவாரி, முப்பது சாக்கு எல்லாம் வாங்கி அடுக்கினார். ஒரு நாள் தாராளமாகப் போதும். ஆனால் வீட்டில் சுகிர்தன் இருந்தான்.

சுகிர்தன் குணேஸ்வரியின் தம்பி, பாரிஸில் இருப்பவன். ஒரு கிழமை வந்து நின்றவன், வியாழன் விடிய ஏழு மணிக்குக் காரை எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். இதில் இராசலிங்கத்துக்கு என்ன என்று கேட்கலாம். குணேஸ்வரியின் வீட்டில் இரண்டு சட்டம் உண்டு. ஒருவர் பயணம் வெளிக்கிட்டால், போய்ச் சேர்ந்தேன் என்று அவர் சொல்லும்வரை வீடு வாசல் கூட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகும் கூட்டக் கூடாது. தொண்ணூற்றேழில் இதே சுகிர்தன் போன கையோடு இராசலிங்கம் பால்கனியைக் கூட்டிவிட்டார். ஆகன் நகரைத் தாண்டி அவன் காரின் டயர் வெடித்தது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் இராசலிங்கம் ஒன்பது வருடமாகக் குற்றவாளிதான்.

ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பன்னிரண்டுக்குப் பாரிஸ், பிறகு இருட்டும்வரை நாலு மணித்தியாலம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஏழு மணிக்குச் சுகிர்தன் எழும்பினான். எட்டுக்குக் குளித்தான். ஒன்பதுக்குப் புட்டுச் சாப்பிட்டான். பத்துக்குத் தொலைபேசி சார்ஜரைத் தேடத் தொடங்கினான். குணேஸ்வரி ஐஸ்கிரீம் பெட்டிகளில் ஆட்டுக்கறியை அடைத்து அடைத்து, பாரிஸில் மிளகாய்த்தூளே கிடைக்காது என்பதுபோல அதையும் மூன்று பை கட்டினாள். பொறுக்க முடியாமல் இராசலிங்கம் விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்தார்.

"என்னப்பா இது! போகப்போற பிள்ளைக்கு முன்னால விளக்குமாத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்? உள்ளுக்குக் கொண்டு போங்கோ!"

கொண்டு போனார். கடைசியில் இராகுகாலம்தான் அவருக்குக் கை கொடுத்தது. "ஒண்டரைக்கு இராகுகாலம் தொடங்குது, தம்பி. இப்ப வெளிக்கிடாட்டி நாளைக்குத்தான்" என்று காதில் போட்டதும் சுகிர்தன் பாய்ந்து காரில் ஏறினான். "போட்டு வாறன் அத்தான்!" மணி ஒன்று. பாரிஸ் போய்ச் சேர ஆறு. நாலரைக்கு இருட்டிவிடும்.

இராசலிங்கம் வளவின் நடுவில் நின்றார். கணுக்கால்வரை இலை. குணேஸ்வரி யன்னலைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, கூட்டப் போறீங்களோ?"

"குணம், நாளைக்கு விடிய மனிசன் பேப்பரோட வந்து நிக்கும். மரம் போயிடும்."

"மரம் போனா வேற மரம் வைக்கலாம்."

அவள் சொல்லாமல் விட்ட மீதி அவருக்குத் தெரியும். எண்பத்து நாலில் அவளுடைய மூத்த அண்ணன் கொழும்புக்குப் பஸ் ஏறினான். அவன் படலையைத் தாண்டியதும் வாசலைக் கூட்டியவள் குணேஸ்வரி, வயது பதினாலு. அந்த பஸ் போய்ச் சேரவில்லை. இராசலிங்கத்துக்கு இந்தச் சட்டத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த யன்னலுக்குக் கீழே நின்று விளக்குமாற்றைத் தூக்க அவருக்கு மனம் வரவில்லை. மரத்தைப் பார்த்தார். அழுகையே வரும்போல இருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. "குப்பைவாரியால இழுத்தா?"

"அதும் கூட்டுறதுதான்."

"கையால பொறுக்கினா?"

குணேஸ்வரி நெடுநேரம் யோசித்தாள். நீதிபதிகள்கூட அவ்வளவு யோசிப்பதில்லை. "பொறுக்கலாம்" என்று யன்னலைச் சாத்தினாள்.

ஐம்பத்து மூன்று வயது இராசலிங்கம் முழங்காலில் இருந்தார். ஈர இலையை இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் போட்டார், அள்ளினார், போட்டார். நாயோடு போன ஒரு பெண் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டாள், மோதிரமாக இருக்கும் என்று நினைத்து நாயையும் கொஞ்சம் தேடவிட்டாள். பக்கத்து வீட்டு யன்னல்சீலை இரண்டரைக்கு ஒருமுறை விலகியது, இரண்டே முக்காலுக்கு ஒருமுறை விலகியது. மூன்று மணிக்கு நோவாக் வேலியருகே வந்து நின்றார். இராசலிங்கம் என்ற முழுப்பெயர் அவர் நாக்குக்கு அடங்காது.

"ஹெர் ராசா, உங்களிடம் விளக்குமாறு இல்லையா?"

"இருக்கிறது. புதியது."

"பிறகு ஏன்?"

"என் மைத்துனர் ஆட்டோபானில் இருக்கிறார்."

நோவாக் ஆட்டோபான் நெடுஞ்சாலை இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு இராசலிங்கத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் இராசலிங்கம் தன் தொழிற்சாலை ஜெர்மனில் சட்டத்தை விளக்கினார், டயர் வெடித்ததைச் சொன்னார். நோவாக்கின் உதடு ஓரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பிறகு அந்த பஸ்ஸைப் பற்றியும் சொன்னார். சிரிப்பு போய்விட்டது.

நோவாக் உள்ளே போய் இலை ஊதும் இயந்திரத்தோடு வந்தார். "இது கூட்டுவதில்லை, ஊதுவது" என்று யன்னலை நோக்கி அதை உயர்த்திக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் குணேஸ்வரி தலையை ஆட்டினாள். ஏலாது என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மனிதர் பெருமூச்சுவிட்டு மறுபடியும் உள்ளே போனார். இந்தமுறை சுரங்கத்தில் கட்டிய பழைய தோல் முழங்கால்பட்டைகளோடு வந்தார். இருந்தது ஒரே ஒரு சோடி. ஒன்றைத் தன் வலது முழங்காலில் கட்டிக்கொண்டு, மற்றதை இராசலிங்கத்திடம் நீட்டினார்.

"ஹெர் நோவாக், நீங்கள் தாராளமாகக் கூட்டலாம். சட்டம் எங்கள் வீட்டுக்குத்தான்."

"உங்கள் வளவில்தானே நிற்கிறேன்" என்றார் நோவாக். ஆளுக்கொரு முழங்காலில் இருந்து இருவரும் பொறுக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே சொன்னார். "நான் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வரும்வரை என் மனைவி ஹில்டெகார்ட் என் காப்பிக் கோப்பையைக் கழுவ மாட்டாள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை."

நாலரைக்கு இருட்டியது. குணேஸ்வரி விளக்கு வைத்தாள், வெளி விளக்கையும் போட்டு, இரண்டு கோப்பைத் தேநீரும் சுடச்சுட வடையும் கொண்டுவந்து படியில் வைத்தாள். ஆறு மணிக்கு முப்பதாவது சாக்கின் வாயைக் கட்டினார்கள். வளவு மொட்டையாக இருந்தது. எழும்பி நிற்க ஒருவரை ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆறு மணிக்கு வர வேண்டிய தொலைபேசி வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. குணேஸ்வரி சாமி அறைக்கும் தொலைபேசிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். ஏழு மணிக்கு மணி அடித்தது.

"அக்கா, நான் இன்னும் வெளிக்கிடேல்ல! டோர்ட்மண்டிலதான் நிக்கிறன். பெற்றோல் அடிக்கப் போன இடத்தில பழைய றூம்மேற் ஒருத்தனைக் கண்டிட்டன். சாப்பிட்டிட்டுப் போ எண்டு விடுறான் இல்லை."

சுகிர்தன் நின்றது பத்து நிமிட தூரத்தில். அவனைத் திட்டுவதற்கு இராசலிங்கத்திடம் வசதியான சொற்கள் நிறைய இருந்தன, ஆனால் கதிரையிலிருந்து எழும்ப முழங்கால் விடவில்லை. "கும்பிட்டுச் சொல்லுறன், அவனை இனி ரெயினில வரச் சொல்லு" என்றார். குணேஸ்வரி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளி காலை இராசலிங்கத்தின் முழங்கால் மடங்க மறுத்தது. சப்பாத்துப் போடவே கால் மணித்தியாலம் போயிற்று. சுகிர்தன் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் குணேஸ்வரி சொன்னாள். அந்த நிம்மதியோடு கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விடியற்புறக் காற்றில் மரம் தன் உச்சியில் ஒளித்து வைத்திருந்த கடைசி இலைகளையும் உதறியிருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் வளவெல்லாம் மஞ்சள். பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம்.

நோவாக் தன் படலையில் விளக்குமாற்றோடு நின்றார். இராசலிங்கம் இலைகளைக் காட்டினார், கையை விரித்தார். நோவாக் போ, போ என்று கையை மட்டும் அசைத்தார். பஸ் நெடுக இராசலிங்கத்துக்கு அந்தக் காகிதம்தான் கண்முன் நின்றது. ஓர் இலைகூட இல்லாமல் என்று எழுதியிருந்தது, தன் கையெழுத்து அதற்குக் கீழேதான் இருந்தது. மரத்துக்குத் தான் செய்யக்கூடியதெல்லாம் செய்துவிட்டோம் என்று தன்னையே தேற்றப் பார்த்தார். தேறவில்லை.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேற்பார்வையாளர் வந்து, அலுவலகத் தொலைபேசியில் ஆள் காத்திருப்பதாகச் சொன்னார். மாக்கையோடு ஓடினார்.

"ஹெர் ராசா? நோவாக். வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா?"

"சேர்ந்துவிட்டேன். ஏன், என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் மனைவி இலக்கத்தைக் கொடுத்தார்" என்றார் நோவாக். அவருக்கு மூச்சு வாங்கியது, பின்னால் வண்டியின் இரைச்சல் கேட்டது. "வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. இனி நான் கூட்டட்டுமா?"