மழைச் சாமியைத் திட்டிய கதை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் சாமிகளைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? ஆனால் சாமியைத் திட்டுவதற்கென்றே ஒருமுறை என்னை வேலைக்கு வைத்தார்கள். படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலை கிடைத்திருக்கும்?

அப்போது மைசூரில் பக்கத்து வீட்டில் என் சிநேகிதனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். மைசூருக்குக் கிழக்கே, ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரர்கள். அவன் என்னோடு டைல்ஸ் ஒட்டினான். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். ஊரில் அண்ணன் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரையில் பரணி மழைக்கு விதைத்த மக்காச்சோளம், வைகாசியில் வர வேண்டிய ரோகிணி மழை ஏமாற்றியதில் வாடிக்கொண்டிருந்தது. இந்த வாரமும் பெய்யாவிட்டால் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு மைசூருக்கே வந்துவிடுவேன் என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டார்.

அம்மா மழைச்சோறு எடுக்கலாம் என்றார். வீடு வீடாக உப்பில்லாத சோறு வாங்கி, ஒன்றாகப் பிசைந்து, தெருவில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஊரை விட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைக்க வேண்டும். மழைச் சாமிக்கு வெட்கம் வந்து பெய்துவிடுமாம்.

எனக்கு இது பிடித்துவிட்டது. இந்திரனையே பாருங்கள். பூசை போட்டபோது அவன் எவ்வளவு பெய்தான் என்று யாரும் கதை சொல்வதில்லை. கண்ணன் பேச்சைக் கேட்டு ஆயர்கள் பூசையை நிறுத்தி, மலைக்குப் படையல் போட்டார்களே, அப்போதுதான் கொட்டித் தீர்த்தான். சீண்டினால்தான் வேலை செய்கிற ஆள்.

"திட்டுற வேலைய எனக்குக் குடுத்துருங்கம்மா."

"உனக்கு அது ஒண்ணுதான கண்ணு ஒழுங்கா வரும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குண்டானோடு கிளம்பினோம். முதல் வீட்டில் புலாவ். இரண்டாவது வீட்டில் சித்ரான்னம். எல்லாமே உப்புப் போட்டது. மூன்றாவது ஐயங்கார் வீடு. கதவைத் திறந்த மாமி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உப்பில்லாமலா? எங்காத்துல எல்லாமே அப்படித்தான், மாமாவுக்கு பிபி. ரசமும் தரட்டுமா?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "மொத்தத்தையும் குடுத்துடுடி, புண்ணியமாப் போகும்."

குண்டான் நிரம்பிவிட்டது. தெருமுனையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு நான் எழுந்து வானத்தைப் பார்த்து ஆரம்பித்தேன்.

"ஏன்யா இந்திரா, ஒடம்பு பூரா கண்ணு வச்சிருக்க, ஒரு சோளக்காடு தெரியலையா? வெள்ளை யானைய வச்சிட்டு ஊர்கோலமா போற?"

தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் ஒப்பாரியைத் தொடங்கினார்.

"ஊர விட்டுப் போறோஞ் சாமீ..."

அதோடு நின்றுவிட்டார். மாரில் அடிக்க ஓங்கிய கை மடியில் இறங்கியது.

"நாங்கதான் எப்பவோ வந்துட்டமே," என்றார் மெல்ல. "மூத்தவனையாவது அங்க இருக்க உடு."

நான் திட்டுவதை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் மைசூரில் அப்படி ஒரு மழை. சிநேகிதன் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"இங்க வெயில் மண்டையப் பொளக்குதுடா."

"அட்ரஸ் மாத்திக் குடுத்துட்டேம்மா," என்றேன். அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு, ஒழுகும் இடத்தில் பக்கெட்டை வைக்கப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் பாய் சுருட்டோடு வந்து இறங்கினார். ஒரே அறையில் மூன்று பேர், நான்காவதாக நான் எப்போதும் அங்கேயேதான் கிடப்பேன். அண்ணன் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். மேகம் கூடினால் போதும், எல்லோரும் வேலையை விட்டு அண்ணாந்து பார்ப்போம், அது கிழக்கே போகிறதா என்று. பிறகு அவர்கள் வேறு ஏரியாவுக்குக் குடிபோனார்கள். இப்போது அந்த அறையில் இருப்பவர்கள் மேகத்தைப் பார்த்தால் துணியை எடுக்கத்தான் ஓடுகிறார்கள்.

நேற்று டீக்கடையில் கொள்ளேகால்காரர் ஒருவர் ஹனூர் பக்கம் நல்ல மழை என்றார். உடனே சிநேகிதனுக்கு மெசேஜ் போட்டேன்: "உங்க ஊர்ல செம மழையாம்டா. நான் திட்டாமலே பெய்யுதே, இது நியாயமான்னு அம்மாகிட்டக் கேளு."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது:

"அம்மா காலையிலயே வெதையோட பஸ் ஏறிருச்சுடா."