மரக்காணம் கழியில் வலையில் சிக்கிய கூழைக்கடா

ஏழு வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவள் என் மனைவி சுமதி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் படகு பக்கமே வந்ததில்லை. இந்தப் பொங்கல் விடுமுறையில் அவளே, "தண்ணிக்குள்ள போய்ப் பறவை பார்க்கணும்" என்றாள். மனசு மாறுவதற்குள் மரக்காணத்துக்குப் பக்கத்து உப்பங்கழியில் மிதவைப் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து காலை நாலே முக்காலுக்குக் காரில் கிளம்பினோம். நாற்பது கிலோமீட்டரில் திண்டிவனம், அங்கே ஒரு டீ. இன்னும் முப்பத்தைந்து போனால் மரக்காணம். ஆறரைக்குத் துறையில் நின்றோம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், இரண்டரை மணி நேரம், லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள்.

ராஃப்டிங் என்றதும் பாறையும் நுரையும் எதிர்பார்க்காதீர்கள். இங்கே தண்ணீர் நிதானமாகத்தான் கடலுக்குப் போகிறது. காற்றடைத்த ரப்பர் மிதவை, கையில் துடுப்பு. வழிகாட்டி தேவகி, பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். "நடுவுல குந்திக்கோங்க. முட்டி அளவு தண்ணிதான்" என்று சுமதிக்குத் தைரியம் சொன்னார். தூரத்தில் பூநாரைக் கூட்டம் தெரிந்ததும் துடுப்பை நிறுத்தச் சொன்னார். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பார்த்தோம்.

திரும்பும்போதுதான் அது கண்ணில் பட்டது. குச்சி நட்டுக் கட்டிய நைலான் வலையில் ஒரு கூழைக்கடா. இறக்கை முறுக்கிக்கொண்டு, தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது.

"ஐயோ, எங்க வூட்டு வலை" என்றார் தேவகி. "நேத்துதான் அவரு கட்டினாரு."

கத்தியோடு இறங்கினார். நானும் இறங்கி, துண்டைப் போட்டு இறக்கையை அமுக்கினேன். நீண்ட அலகு அவர் முகத்துக்கு நேராகப் பாய்ந்தது.

"அலகை யாராச்சும் புடிங்க, ஜல்தி! தண்ணி வத்திக்கினு வருது, மிதவை சேத்துல மாட்டிக்கும்!"

என் இரண்டு கையும் இறக்கையில். திரும்பிப் பார்ப்பதற்குள் சுமதி சேற்றில் நின்றிருந்தாள். அலகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தேவகி புது வலையைக் குறுக்காக அறுத்தார். பறவை தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடி, எழும்பிப் போயே போய்விட்டது.

மிச்ச வலையையும் சுருட்டி மிதவையில் போட்டார் தேவகி. "வூட்ல திட்டுவாங்களா?" என்று சுமதி கேட்டாள்.

"ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருப்பாரு. அப்புறம் அவரே குந்தித் தைப்பாரு."

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கடல் ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் எப்போது வற்றும் என்று முன்பே கேளுங்கள். மாற்றுத் துணி கட்டாயம். பறவையைத் தொட ஆசைப்படாதீர்கள். நாங்கள் தொட்டது வேறு வழியில்லாமல்தான். அதுவும் எங்களை நம்பிவிடவில்லை, கடைசி வரை கொத்தத்தான் பார்த்தது. விட்டதும் பறந்தது. எங்களுக்கு அது போதும்.