சூசையப்பர் திருநாளில் வைத்த பித்தளைக் குழல்

என் தங்கை லிண்டா புதுக் கார் வாங்கிய அன்று எனக்குத் தலைவலி வந்துவிட்டது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவள் நன்றாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். அவருக்குத் தங்கை கிடையாது போலிருக்கிறது.

என் பெயர் ஐரின். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல, என் வீட்டுக்காரர் ஜெஃப்ரியின் கதையை. அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை. பம்புக்கு வேண்டிய புஷ், வால்வு மூடி, பழைய மெஷின்களுக்கு உடைந்துபோன பாகம் என்று எது கேட்டாலும் கடைந்து தருவார். அவர் நல்ல வேலைக்காரர். அதை அடுத்தவர் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம்தான் அவருக்கு இல்லை. தெருவில் போகும் லாரியின் சத்தத்தை வைத்தே அதன் பேரிங் போட்டவன் கழுதை என்று சொல்வார்.

லிண்டாவின் கணவன் டெரிக், என் வீட்டுக்காரரிடம் வேலை கற்றவன். அவனை லிண்டாவுக்குப் பேசி முடித்ததே இவர்தான். கல்யாணமான கொஞ்ச நாளில் அவன் தனியாகப் போனான். போனவன் அம்பத்தூர் பக்கம் போகக் கூடாதா? இரண்டு தெரு தள்ளி ஒரு கொட்டகை பிடித்து, பேங்கில் கடன் வாங்கி, கம்ப்யூட்டர் சொன்னபடி தானே வெட்டும் சி.என்.சி. மெஷின் போட்டான். அசோக் நகரில் லிஃப்ட் வைத்த வீடு. என் வீட்டுக்காரர் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு போவார், பெட்ரோல் விற்கிற விலையில்.

2017 தொடக்கத்தில் தனபாலன் என்று ஒருவர் பட்டறைக்கு வந்தார். அடையாற்றுக்காரர், கம்ப்யூட்டர் உத்தியோகம். சிகரெட்டை விடுகிறேன் என்று ஆரம்பித்து வேப் பிடிக்கப் பழகியவர். அவர் பிடிப்பது ஒரு உலோகக் குழல். உள்ளே பேட்டரி, அடியில் ஒரு பொத்தான், தலையில் சின்னதாக ஒரு கம்பிச் சுருள். பொத்தானை அமுக்கினால் சுருள் சூடாகி, அதில் விட்ட திரவம் ஆவியாகும். அதை இழுத்து ஊதுவார்கள். நான் பார்த்தவரைக்கும் அது குக்கருக்குச் செய்கிற அவமானம்.

தனபாலன் இரண்டு குழல்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று வெளிநாட்டில் ஒருவர் பேர் பொறித்துச் செய்த அசல். இன்னொன்று எங்கோ அடித்த நகல், விலையில் கால்வாசி. அவருடைய வேப் கூட்டத்தில் இதுதான் தினசரிச் சண்டையாம். செய்தவன் மூளைக்கு மரியாதை வேண்டாமா என்று அசல் வைத்திருப்பவன் கேட்பானாம். அதே பித்தளை, அதே புகை, பேருக்கு எதுக்குக் காசு என்று நகல் வைத்திருப்பவன் கேட்பானாம். அசலைப் பார்த்து அப்படியே ஒன்று கடைந்து தர முடியுமா என்று தனபாலன் கேட்டார். என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“அடுத்தவன் செஞ்சத பாத்து செய்யறதுக்கு நான் இன்னா ஜெராக்ஸ் கடையா வெச்சிகினு கீறேன்?” என்றார்.

பிறகு மூன்று மாதம் வேறு நினைப்பே இல்லை. பித்தளையில் கடைந்தார், பிடிக்காமல் உருக்கப் போட்டார், மறுபடி கடைந்தார். கடைசியில் வந்தது நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒடுங்கி, மேலே மெல்ல விரிந்து, கையில் எடுத்தால் விரல்கள் தாமாக அந்த ஒடுக்கத்தில் போய் உட்காரும். இந்த உருவம் உலகத்தில் எவனிடமும் இல்லை, இது என்னுடையது என்று சொல்லிச் சொல்லித் துடைத்தார். அப்படி அவர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் குழல் மேலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

அந்த ஏப்ரல் கடைசியில்தான் குழல் முடிந்தது. மே ஒன்றாம் தேதி எங்கள் பங்குக் கோயிலில் உழைப்பாளர் சூசையப்பர் திருநாள். அன்று ஆளாளுக்குத் தொழில் கருவிகளைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். தச்சர் இழைப்புளி கொண்டுவருவார், தையல்காரர் கத்தரி, நர்ஸ் ஊசிப் பெட்டி. நான் சாக்பீஸ் டப்பா வைப்பேன். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே பந்தலில் மேசை போட்டுப் பார்வைக்கு வைப்பார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல அளவு பார்க்கிற வெர்னியரை மட்டும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். குழல் சட்டைப் பையில் சும்மா கிடந்தது.

பந்தலில் டெரிக் ஒரு மெழுகுவத்தித் தண்டு வைத்திருந்தான். மெஷினில் வெட்டியது, சுற்றிலும் திராட்சைக் கொடி. பங்கு ஜனமே அங்கேதான் நின்றது. லிண்டா பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ அவளே பல்லால் கடித்துச் செதுக்கியதுபோல. சாமியார் டெரிக்கின் தோளைத் தட்டினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காது மடல் சிவந்திருந்தது. நேராகப் போனார், அந்தத் தண்டைக் கொஞ்சம் நகர்த்தினார், பையிலிருந்த குழலை எடுத்து மேசை நடுவில் நிறுத்தினார்.

கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. எனக்கும் மனசு குளிர்ந்தது, மறைப்பானேன். ஆனால் இது என்ன என்று ஒரு அம்மாள் கேட்டபோது கோயில் வாசலில் என்ன சொல்வது? ஆவி பிடிக்கிற கருவி என்று சொல்லிவிட்டார். சளிக்கு நல்லதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். சாமியார் பாவம், நோயாளிகளுக்கு உதவட்டும் என்று இன்னொரு தடவை தீர்த்தம் தெளித்தார். இளைஞர் குழுவில் ஒருவர் போட்டோ எடுக்க வந்தார். கிட்டப் போய் எடு, வளைவு தெரியட்டும் என்று இவரே சொல்லி எடுக்க வைத்தார்.

அதற்கப்புறம்தான் தனபாலன் குழலைப் பார்த்துச் சொக்கிப்போய், விற்பதற்கு முன்னால் வடிவத்தைப் பதிவு பண்ணிவிடுங்கள் என்று மயிலாப்பூர் லஸ் பக்கம் ஜுவேரியா என்ற வக்கீலிடம் அழைத்துப்போனார். நானும் போனேன். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வடிவம் புதுசாக இருக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஊர் பார்த்துவிட்டால் புதுசு என்ற பேச்சே போய்விடும், பதிவு நிற்காது. வெளியில் யாருக்காவது காட்டினீர்களா, எங்கேயாவது படம் போட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். யாருக்கும் காட்டவில்லை, யாருக்கும் விற்கவில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். பொய் சொல்கிற முகம் அது இல்லை. திருநாள் மேசை அவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அது சாமிக்கு வைத்தது.

பதிவு கிடைத்தது. சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். தனபாலனின் கூட்டத்தார் ஒவ்வொருவராக வந்து குழல் வாங்கினார்கள். லிண்டா ஒரு நாள் வந்தபோது அவளை அந்தச் சுவருக்கு எதிரே உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவள் படித்தாள். டீ தித்திப்பு ஜாஸ்தி என்றாள்.

தீபாவளி சமயத்தில் தனபாலன் ஒரு குழலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதே ஒடுக்கம், அதே விரிவு, பாதி விலை. டெரிக் பட்டறையில் வெட்டியது. என் வீட்டுக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள் நான், காப்பி அடித்தவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். ஜுவேரியா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். இனி லிண்டா கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வரமாட்டாள் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்.

பதில் வந்தது. கூடவே ஒரு படம். பங்கின் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து எடுத்தது. நடுமேசையில் குழல், பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய என் வீட்டுக்காரர், கீழே ‘நம் பங்கின் ஜெஃப்ரி வடிவமைத்த ஆவி பிடிக்கும் கருவி’ என்று எழுத்து, மேலே மே மாதத் தேதி. விண்ணப்பம் போட்டது ஜூலையில். அவன் எதிர்த்துக் கேட்டால் பதிவே ரத்தாகும், இத்தோடு விட்டுவிடுங்கள் என்று ஜுவேரியா சொன்னாள்.

“சாமிக்குதானம்மா வெச்சேன். ஊருக்கா காட்னேன்?” என்றார் அவர்.

ஜுவேரியா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானாவது அவளோடு சண்டை போட்டிருப்பேன். படத்தில் பின்னால் பங்கு ஜனத்தில் பாதி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றி பீரோவுக்கு மேலே கவிழ்த்துப் போட்டார். அந்த டெரிக் உருப்படுவானா என்று நான் வாய்விட்டே கேட்டேன்.

உருப்பட்டான். அதுதான் பிரச்சினை. பொங்கலுக்குப் பிறகு அவன் புதுக் குழல் ஒன்றை இறக்கினான். எங்கள் குழலில் ஒரு குறை இருந்தது. பையில் இருக்கும்போது பொத்தான் தானாக அமுங்கிச் சூடாகிவிடும். தனபாலனின் பேண்ட் ஒரு தடவை கருகியேவிட்டது. டெரிக் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் வைத்திருந்தான். அதைக் கொஞ்சம் திருகினால் பொத்தான் பூட்டிக்கொள்ளும். வளையத்தின் விளிம்பு பூவிதழ் மாதிரி நெளிநெளியாக வெட்டியிருந்தது.

குறை கண்டுபிடிக்கிறேன் பார் என்று சொல்லி என் வீட்டுக்காரர் அதில் ஒன்றை ஆள் வைத்து வாங்கிவந்தார். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து அக்கு அக்காகப் பிரித்தார். திருகு மரையைப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். வளையத்தை விரலில் வைத்துத் திருகினார், பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். தோசை ஆறுகிறது என்றேன். காதில் விழவில்லை.

அடுத்த மாதம் எங்கள் குழலிலும் அதே இதழ் வளையம் வந்தது. நானே யோசித்துப் பண்ணினேன் என்று தனபாலனிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். டெரிக் எடுத்ததில் ஒரு பங்கு திருப்பி எடுத்தோம், அதற்கு என்ன இப்போது?

டெரிக்கின் வக்கீல் நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. நாங்கள் அனுப்பிய நோட்டீஸை வரி வரியாகப் படித்து, வடிவத்தைப் பதிவு பண்ணலாம் என்பதையே அவன் எங்களிடமிருந்து கற்றிருக்கிறான். அந்த வளையத்தை ஒருத்தர் கண்ணிலும் காட்டாமல் முதலில் விண்ணப்பம் போட்டிருக்கிறான். லிண்டாகூடப் பார்க்கவில்லையாம். இதை அவளே போன் பண்ணிச் சொன்னாள்.

“எங்களுக்கு எதுவும் வேணாம்க்கா. மாமாவ அத நிறுத்த சொல்லு, போதும். சொந்தத்துக்குள்ள எதுக்கு?” என்றாள்.

திட்டியிருக்கலாம் அவள். பெருந்தன்மையாகப் பேசினாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடியும் லஸ்ஸுக்குப் போனோம். பொத்தானைப் பூட்டுவது யாருக்கும் சொந்தமில்லை, அந்த வளையம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த உருவம்தான் டெரிக்குடையது என்று ஜுவேரியா விளக்கினாள். வட்டமாகவோ கட்டமாகவோ வெட்டியிருந்தால் ஒன்றும் வந்திருக்காது, ஏன் அதே இதழ் என்று கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் எழுதலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே போனதில் 2018 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வேப்புக்கே தடை வந்துவிட்டது. அசலும் போச்சு, நகலும் போச்சு. தனபாலன் மறுபடி சிகரெட்டுக்குப் போனதாகக் கேள்வி. டெரிக் எவ்வளவு பித்தளை வாங்கிப் போட்டிருந்தானோ என்று நினைத்து எனக்கு ஒரு வாரம் நன்றாகவே போனது. ஆனால் வக்கீல் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் என்னை அரித்தது. டெரிக்கைச் சீண்டத்தான் செய்திருப்பார், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவர் வாயால் கேட்க ஆசையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“ஏங்க, வட்டமா வெட்டியிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். அந்த இதழ எதுக்கு வெட்னீங்க? அவன் மேல கடுப்புலதானே?”

அவர் கதவில் சாய்ந்து நின்றார்.

“வட்டமாதான் மொதல்ல வெட்னேன் ஐரின். ரெண்டையும் கையில வெச்சி பாத்தேன். அவன்துதான் அழகா இருந்திச்சி.”

நான் கையிலிருந்த வஞ்சிரத் துண்டைத் தட்டில் போட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பிடித்திருக்கிறதா என்று எல்லாரும் கேட்டதற்கு “சரி” என்று சொன்ன மனுஷன் அவர். அதற்கப்புறம் புடவை கட்டி நின்றாலும் சரிதான், பிள்ளை பெற்றுக் கையில் கொடுத்தாலும் சரிதான். அழகு என்று ஒரு சொல் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது டெரிக்கின் வளையத்துக்குப் போயிருந்தது. மீதி மீனை நீங்களே கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.