பியூலாவின் கழுத்தில் சைக்கிள் கேரியர்

எங்கள் தெருவில் பியூலாவை விட நன்றாகப் பாடுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் நாற்பது வாண்டுகளை ஒரே இடத்தில் உட்கார வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அவள் புருஷன் தயாளன் ஏர்போர்ஸ் ஸ்டேஷனில் கிளார்க். பியூலா மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்தாள். அது சம்பளத்துக்காகப் போன வேலை. அவள் வருஷம் முழுக்கக் காத்துக்கொண்டு இருந்தது மே மாதத்துக்கு.

மே லீவில் அவர்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வேதாகமப் பள்ளி நடக்கும். வி.பி.எஸ். என்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்ததுதான், ஆனால் வருகிறதில் பாதி எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். சாமி எதுவாக இருந்தால் என்ன? காலை முழுக்கப் பிள்ளையை வைத்துக்கொண்டு, பிஸ்கட்டும் ஆரஞ்சு ஜூஸும் கொடுத்து, மத்தியானம் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். மே மாத வெயிலில் இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று பெற்றவளைக் கேட்டால் சொல்வாள். என் மகள் எழில் நாலு வயசிலிருந்து போனாள்.

அங்கே ஆக்‌ஷன் சாங் என்று ஒன்று உண்டு. டீச்சர் முன்னால் நின்று பாடிக்கொண்டே கையால் அபிநயம் காட்ட வேண்டும். மீன் என்றால் இரண்டு கையையும் சேர்த்து வாய் மாதிரி திறக்க வேண்டும், மழை என்றால் விரலை உதிர்க்க வேண்டும். டீச்சர் செய்வதை அப்படியே பிள்ளைகள் செய்யும். டீச்சர் மூக்கைச் சொறிந்தால் நாற்பது பேரும் மூக்கைச் சொறியும். எழுத்து தெரியாத சின்னதுகள், பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். அந்தச் சின்னப் பிள்ளைகள் வகுப்பு வருஷா வருஷம் பியூலாவுடையது.

எண்பத்தேழு கடைசியில் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. குரல் போனாலும் போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். போய்விட்டது. அடியோடு போகவில்லை. உடைந்த ரேடியோவில் தூரத்து ஸ்டேஷன் பிடித்த மாதிரி கரகரவென்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து அவள் தயாளனைத் திட்டுவது கேட்காமல் எனக்கே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தயாளனுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மார்ச் மாதம் சர்ச் செகரட்டரி சத்தியநாதன் சார் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் நல்லது செய்கிற மாதிரியேதான் பிடுங்குவார். இந்த வருஷம் நீங்கள் ரெஸ்ட் எடுங்கள், சின்னப் பிள்ளைகள் வகுப்பைக் காலேஜ் படிக்கும் என் தங்கை மகள் கிருபா பார்த்துக்கொள்ளட்டும், அவளிடம் கேஸியோ கீபோர்டு இருக்கிறது என்றார். பியூலா தலையாட்டி அனுப்பிவிட்டு, சுவரோரம் வந்து என்னிடம் கரகரத்தாள்.

“ஒரு வருஷம் விட்டா அவ்ளோதாங்கா. அப்புறம் என்னை டீ ஊத்தத்தான் கூப்புடுவாங்க.”

“வாயே இல்லாம என்னத்த சொல்லிக் குடுப்ப?”

நான் அப்படித்தான் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய்த் தயாளனின் மவுத் ஆர்கனை எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அவர் ஊதினால் எங்கள் தெரு நாய்கள் ரயில்வே கேட் வரை போய்விட்டு வரும். பியூலாவுக்கோ எல்லா மெட்டும் மண்டைக்குள் இருந்தது. ஊதினால் ஒரு சுரம், மூச்சை இழுத்தால் ஒரு சுரம் என்று தடவித் தடவி ஈஸ்டருக்குள் பிடித்துவிட்டாள். வார்த்தையைக் கரகரக் குரலிலேயே வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பது, பிறகு மெட்டை ஊதுவது என்று அவள் திட்டம்.

ஒரு சிக்கல். மவுத் ஆர்கனைப் பிடிக்கக் கை வேண்டும். கை அதற்குப் போய்விட்டால் மீனை யார் காட்டுவது? எழிலை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். ஒரு கையால் ஊதி ஒரு கையால் அபிநயம் பிடித்ததில், மீனுக்கு மேல்தாடை மட்டும்தான் இருந்தது. “டீச்சர், மீனுக்குப் பாதி வாய் எங்க?” என்று என் மகள் கேட்டாள்.

தயாளனிடம் ஒரு பழைய கேசட் இருந்தது. அதன் அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் கிட்டார் வாசித்துக்கொண்டு நிற்கிறான். அவன் கழுத்தில் ஒரு கம்பி வளையம். வாய்க்கு நேராக அதில் மவுத் ஆர்கன் மாட்டியிருக்கிறது. தயாளன் மவுண்ட் ரோடு கடைகளில் எல்லாம் ஏறி இறங்கிக் கேட்டார். ஒரு கடையில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள், இன்னொரு கடையில் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டை மாட்டும் ஹேங்கரை வளைத்து அவரே ஒன்று செய்தார். பியூலா ஒரு ஊது ஊதியதும் அது தலை குனிந்தது. அதைத் துரத்திக்கொண்டு இவளும் குனிந்தாள். பாட்டு முடியும்போது மோவாய் நெஞ்சில் இடித்தது.

இது வேலைக்கு ஆகாது என்று நான்தான் அவளைச் சேட்டுவிடம் கூட்டிப் போனேன். சேட்டு என்றால் வட்டிக்கடை சேட்டு இல்லை. பேரே சேட்டு. கேம்ப் ரோடு முனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாக்கா இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்ன மாதிரி கீது.”

“வாய மூடிக்கினு செய்வியா, வேற கடைக்குப் போவட்டா?” என்று நானும் அவன் பாஷையிலேயே கேட்டேன்.

“டீச்சருக்குன்னா செய்றேன். உனக்குன்னா யோசிப்பேன். வாய்க்கு நேரா எதுனா வெச்சுக்கினா நீ எப்படி சண்டை போடுவே?”

மட்கார்டு கம்பியை வளைத்து, தோளில் உட்காருகிற மாதிரி ஒரு வளையம் செய்தான். பழைய சைக்கிள் கேரியரில் சாமானை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் இருக்கும் அல்லவா, அதை வெட்டி முன்னால் வைத்தான். மேலே கீழே ஏற்றி இறக்க இரண்டு பக்கமும் காதுள்ள நட்டு. மவுத் ஆர்கனை அதில் செருகினால், உடும்பு மாதிரி பிடித்தது. கம்பி ஆபரேஷன் தழும்பில் உரசக் கூடாது என்று நான் பழைய பெட்ஷீட்டைக் கிழித்துச் சுற்றித் தைத்துக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பியூலா ஒரு சைக்கிளைச் சாப்பிட்டு, பாதி வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

ஆனால் இரண்டு கையும் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டே எங்கள் வீட்டு முருங்கைக் கீரையை உருவிக் கொடுத்தாள். உருவ உருவ ஊதினாள்.

சத்தியநாதன் சார் அதைப் பார்த்து முகம் சுளித்தார். சர்ச்சில் இது சர்க்கஸ் மாதிரி இருக்கும் என்றார். தயாளன் அன்றைக்குத்தான் ஜென்மத்தில் ஒரு தடவை எதிர்த்துப் பேசினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வருஷம் பியூலா நடத்தட்டும். பத்தாம் நாள் சாயங்காலம் பெற்றோருக்கு முன்னால் பிள்ளைகள் மேடை ஏறும். அது நன்றாக இருந்தால் வகுப்பு அவளுக்கு. கோணலாகப் போனால் அடுத்த வருஷத்திலிருந்து கிருபாவுக்கு.

யோனா கதையைப் பாட்டாக எடுத்தாள். யோனா கப்பல் ஏறுகிறான், புயல் வருகிறது, கடலில் போடுகிறார்கள், பெரிய மீன் விழுங்கிக் கரையில் துப்புகிறது. அபிநயத்துக்கு இதை விட நல்ல கதை கிடையாது. கரகரக் குரல் வேறு உதவியாக இருந்ததாம். சத்தம் போட்டுச் சொன்னபோது அடங்காத பிள்ளைகள், இவள் கிசுகிசுத்ததும் ரகசியம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு கேட்டன.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, எழில் கொல்லையில் யோனா பாட்டைப் பாடிக்கொண்டு இருந்தாள். கையெல்லாம் சரியாகத்தான் போனது. தலை மட்டும் நில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவியது. காதில் ஏதோ போய்விட்டது என்று நினைத்துக் குழாயடியில் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் தண்ணீர் லாரி பக்கத்தில் குடத்தோடு நின்றபோது, எதிர் வீட்டு எல்லம்மாவும் அதையே சொன்னாள்.

“எம் பொண்ணும் தலைய ஆட்டிக்கினே கீதுக்கா. சோறு துன்னும்போதுகூட ஆட்டுது. அந்த ஆரஞ்சுத் தண்ணில இன்னாவோ கலக்குறாங்க.”

இன்னும் இரண்டு வீட்டில் இதே கதை. எல்லம்மா இனிமேல் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று நின்றாள். நான் அப்படியே சர்ச் ஹாலுக்கு நடந்தேன். வாசலில் நின்று பார்த்தேன்.

முன்னால் பியூலா. கழுத்தில் சேட்டுவின் கேரியர். மவுத் ஆர்கன் அசையாது. கையில் பிடித்திருந்தால் அதை நகர்த்தலாம். மாட்டியிருப்பதால் தலையைத்தான் நகர்த்த வேண்டும். மேல் சுரத்துக்கு ஒரு பக்கம், கீழ்ச் சுரத்துக்கு இன்னொரு பக்கம். எதிரே நாற்பது தலைகள், அதே அளவில், அதே வேகத்தில், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நகர்ந்தன. டீச்சர் செய்வதெல்லாம் அபிநயம். தலை நகர்வதும் அபிநயம். வாண்டுகளின் கணக்கில் தப்பே இல்லை.

பியூலாவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊதுவதில் கவனமாக இருந்தவள், கையைப் பார்த்தாளே தவிரத் தலையைப் பார்க்கவே இல்லை. மீதி நாள் முழுக்க அதை மறக்கடிக்கப் பாடுபட்டாள். தலையை ஆட்டாமல் பாடுங்கள் என்றால் பிள்ளைகளுக்கு வார்த்தையே மறந்துபோனது. தலையைப் பிடித்தால் யோனா கப்பலிலேயே நின்றுவிட்டான். மீன் வரை போகவில்லை.

“என்ன பண்ணலாங்கா?” என்றாள்.

“பாட்டு வேணுமா, தலை நிக்கணுமா? ரெண்டுல ஒண்ணத்தான் கேக்க முடியும். பாட்டக் கேளு.”

பத்தாம் நாள் சாயங்காலம் ஹாலில் உட்கார இடம் இல்லை. சத்தியநாதன் சார் முதல் வரிசையில், பக்கத்தில் கிருபா. எல்லம்மாவை நான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள் மேடையில் நின்றன. கீழே, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பியூலா. அவள் வளையத்தைத் தோளில் சரிசெய்து நட்டை முறுக்குவதைப் பார்த்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் ஊதினாள். நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பாட்டு கணீரென்று வந்தது, ஒரு வார்த்தை தப்பவில்லை. முதலில் சனம் திகைத்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. பிள்ளைகள் சிரிப்பைக் கேட்டு இன்னும் வேகமாக ஆட்டின. புயல் வரும் இடத்தில் மெட்டு மேலும் கீழும் பாயும். தலைகளும் பாய்ந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நம் தலை சும்மா இருக்காது. எல்லம்மா ஆட்டினாள். நான் ஆட்டினேன். மீன் யோனாவைத் துப்பும்போது முதல் வரிசையில் சத்தியநாதன் சாரின் வழுக்கைத் தலையும் டியூப் லைட் வெளிச்சத்தில் மெதுவாக இடம் வலமாகப் போய்க்கொண்டு இருந்தது. கிருபா கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

கைதட்டல் அடங்கியதும் அவர் எழுந்து வந்தார். கப்பல் புயலில் ஆடுவதைத் தலையால் காட்டியது அருமையான யோசனை என்றார்.

சும்மா ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் அவள் முதுகில் இடித்துக்கூடப் பார்த்தேன். பியூலா வளையத்தைக் கழற்றினாள்.

“இல்ல சார். யோசனையெல்லாம் இல்ல. இது நகராது, அதனால நான் தலைய நகத்தினேன். பிள்ளைங்க அதையும் ஆக்‌ஷன்னு நெனச்சுட்டாங்க. நிறுத்தப் பாத்தேன், முடியல.”

சத்தியநாதன் சார் மேடைப் பக்கம் பார்த்தார். பாட்டு முடிந்தும் பிள்ளைகள் நிற்கவில்லை. ஜூஸுக்கு வரிசையில் நின்றபடியே ஆட்டிக்கொண்டு இருந்தன.

“அப்ப அடுத்த வருஷமும் நீங்களே வாங்கம்மா,” என்றார். “உங்களாலயே இதுங்கள நிறுத்த முடியலன்னா வேற யாரால முடியும்?”

கிருபாதான் முதலில் கை தட்டினாள். அந்தப் பெண்ணுக்குக் காலேஜ் லீவில் நாற்பது வாண்டுகளைக் கட்டி மேய்க்கும் ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு பியூலா இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த வகுப்பை நடத்தினாள். பெட்ஷீட் துணியை நான் மாற்றி மாற்றித் தைத்தேன். நட்டு தேய்ந்தால் சேட்டு வேறு போட்டுக் கொடுத்தான், கூடவே என்னை ஒரு வார்த்தையும் சொல்லுவான். நடுவில் தயாளனின் தம்பி துபாயிலிருந்து நிஜமான ஒன்றை வாங்கி வந்தார். பளபளவென்று, தூக்கினால் எடையே தெரியாது. பியூலா அதை ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டு போனாள். “டீச்சர், உங்க சைக்கிள் எங்க?” என்று கேட்டுப் பிள்ளைகள் வகுப்பையே நடத்த விடவில்லை. மறுநாள் கேரியர் திரும்பி வந்தது. துபாய் சாமான் இப்போது என் சமையலறையில் தோசைக்கரண்டி மாட்ட உதவுகிறது.

தொண்ணூற்றெட்டில் எழில் எக்மோரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாள். ஒரு நாள் மின்சார ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பையன் ஏதோ ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தானாம். குரோம்பேட்டை தாண்டும்போது அவன் தலை இடம் வலமாக நகர்ந்ததாம். இவள் நேராகவே கேட்டிருக்கிறாள்.

“கேம்ப் ரோடு சர்ச்சா?”

“ஆமா. சைக்கிள் டீச்சர் கிளாஸ்.”

தாம்பரம் வருகிற வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்களாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் பியூலாவிடம் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள்.