குழாயை அடைத்த நாகவேணி அம்மா

நாகவேணி அம்மா காலமான செய்தி எங்கள் பட்டறை உரிமையாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. சற்று நேரத்திலேயே சங்கத் தலைவர், ‘பசுமைத் தொழிலின் முன்னோடி’ என்று அம்மாவின் படத்தைப் போட்டு அஞ்சலி வெளியிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருந்தவரை அம்மாவை அந்தக் குழுவில் சேர்க்கவே விடாத மனிதர் அவர்.

ஓசூரில் எங்கள் தெரு முழுக்க பிளேட்டிங் பட்டறைகள். வண்டிப் பாகங்களுக்குக் குரோம் முலாம் பூசுவோம். அவற்றைக் கழுவிய மஞ்சள் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியே ஏரிக்குப் போகும். கணவர் இறந்தபின் பட்டறையை ஏற்று நடத்திய நாகவேணி அம்மா மட்டும் அந்தக் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். கழுவிய தண்ணீரைச் சுண்டவைத்து, அதிலிருந்த குரோமை முலாம் தொட்டிக்கே திருப்பினார்.

சங்கக் கூட்டத்தில் தலைவர் சீறினார். “நீங்க ஒருத்தர் அடைச்சா, மத்தவங்கெல்லாம் திருடன்னு ஆயிடாதா?”

“திருடன வேற எப்டி கூப்பிடறது, சார்?” என்றார் அம்மா.

அன்று மூண்டது பகை. சங்கத்தார் அம்மாவின் வேலையாட்களைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள், அவருக்கு வந்த ஆர்டர்களைத் தடுத்தார்கள். பிறகு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய வாகனக் கம்பெனி, கழிவுநீரை வெளியே விடாத பட்டறைக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டது. வழிமுறை கேட்டு எல்லோரும் அம்மாவின் வாசலில் போய் நின்றோம். நானும்தான்.

“மொதல்ல உங்க குழாய அடைச்சிட்டு வாங்க. அப்பறம் காட்டறேன்” என்றார். “புதுசா எதையாவது கண்டுபிடிக்கணும்னு எனக்கு ஆசையில்லீங்க. வெளிய விட வழியில்லன்னு ஆனதும் மூள தானா வேல செஞ்சுது.”

என் குழாயை அடைத்த அன்று நேரில் வந்து, சிமெண்டைக் காலால் மிதித்துப் பார்த்தார். நான் கொடுத்த காபியைத் தொடவில்லை. வழிமுறையை மட்டும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். “குழாய அடைச்சிட்டதா சொல்லிட்டு, மழை வந்தா கழிவுத் தண்ணிய ஏரிக்குத் தெறந்து விடறவங்க இந்த மேடையிலயே உக்காந்திருக்காங்க” என்றேன். தலைவர் மைக்கை அணைக்கச் சொன்னார். மைக் இல்லாமலேயே பெயர்களைச் சொன்னேன், அவர் பெயரில் தொடங்கி. பின்வரிசையில் அம்மாவின் பட்டறைப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

போய் வாருங்கள், அம்மா. உங்களோடு நான் ஒருநாளும் சிரித்துப் பேசியதில்லை. உங்களை எதிர்த்தவர்களோடு இனிமேல் சிரித்துப் பேசப்போவதும் இல்லை.