மேல் தெருவில் வைத்த நீல டிரம்

“நீங்க எந்த ஊருங்க?” என்று டீக்கடை சரசக்கா கேட்டபோது, கடை வாசலில் நின்றால் கீழே தெரிகிற அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த லயத்தில்தான் என் அப்பா வளர்ந்தார் என்று நான் சொல்லவில்லை. “கோயம்புத்தூர்” என்றேன். அதுவும் பொய் இல்லை. பாலில்லாத டீ கேட்டதால் வந்த கேள்வி அது. “பாலில்லாமலா? சிலோன்காரங்களாட்ட கேக்கறீங்க” என்று சிரித்தபடி சரசக்கா டம்ளரை நீட்டினார். நானும் சிரித்து வைத்தேன்.

சித்திரை மாதக் கடைசியில், நான்கு நாள் விடுமுறையில் போன பயணம் இது. மஞ்சூருக்கு அப்பால் ஒரு தேயிலைச் சரிவு. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். அப்பாவுக்கு அந்த ஊர் பற்றிப் பேசப் பிடிக்காது. ஒரு நாள் அதன் பெயரை இணையத்தில் தேடியபோது, கவிதா என்ற பெண் போட்டிருந்த பதிவு கிடைத்தது: ‘எங்கள் ஊரில் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாலை வகுப்பு நடத்துகிறோம். திருவிழா நேரத்தில் உதவிக்கு ஆள் வேண்டும்.’ வருகிறேன் என்று எழுதினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊட்டி சீசன் நெரிசலைத் தவிர்க்க, காந்திபுரத்திலிருந்து காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் போகிற அரசு பஸ்ஸில் ஏறினேன். எண்பது ரூபாய் சொச்சம் டிக்கெட், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம், நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் பள்ளத்தாக்கை முழுதாகப் பார்க்கலாம். தலை சுற்றுகிறவர்கள் காலைச் சாப்பாட்டைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முள்ளி தாண்டியதும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, “ஆனை லத்தி போட்டிருக்குது பாருங்க, இப்பத்தான் தாண்டியிருக்குது” என்றார். பஸ்ஸில் எல்லோரும் யானையைத் தேடினோம். தென்படவில்லை.

மஞ்சூரில் மினி பஸ் மாறினேன். பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். தேயிலை பேக்டரியைத் தாண்டும்போது வாட்டிய இலையின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் எங்கள் வீட்டிலும் அதே வாசனை வரும். அது பெட்டியின் வாசனை என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

படிக்கிறவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த தமிழர்களில் பல லட்சம் பேரை, இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். கையில் இந்தியக் குடியுரிமைத் தாள் இருந்தும் இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘அகதி’. என் அப்பா வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட அந்தப் பெயர் அவரை விடவில்லை என்று அம்மா ஒருமுறை சொன்னார். பதினேழு வயதில் கோவை மில் வேலைக்கு இறங்கியவர், பிறகு மலையேறவே இல்லை. எங்கள் வீட்டுக்குள் மட்டும் டீ, ‘தேத்தண்ணி’. அதைப் பால் இல்லாமல், ஒரு கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார். விருந்தாளி வந்தால் அவரும் பால் டீதான் குடிப்பார்.

கவிதாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மஞ்சூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். லயத்துப் பெண். அவளோடு சேர்ந்து வகுப்பு நடத்துகிறவன் பிரவீன், மேல் தெருப் பையன், ஜீப் ஓட்டுகிறான். மேல் தெருவில் இருப்பவர்கள் ஈரோடு, கோபிப் பக்கத்திலிருந்து முன்பே வந்து கடை வைத்தவர்கள், தோட்ட வேலைக்கு வந்தவர்கள். லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் அந்தத் தெரு வழியாகத்தான் இறங்குகிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கோடையில் குழாய் உடைந்தது. உடைத்தது யார் என்பதில் கல்லெறி நடந்து, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அந்த வருடம் லயத்து மாரியம்மன் கரகம் மேல் தெரு முனைவரை வந்து திரும்பிப் போனது. அதன்பின் அந்தப் பக்கம் வரவேயில்லை.

“இந்த வருஷம் போவுது” என்றாள் கவிதா, லயத்து வாசலில் என் பையை வாங்கியபடி. “கோயில் கமிட்டி ஒரே ஒரு தடவ பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. திரும்பி வந்துச்சுன்னா, தோட்டத்து மேல்பக்கமா புதுப்பாத வெட்டிருவாங்களாம். அப்புறம் மேல் தெரு வழியா எதுவும் போகாது. புள்ளைகள வகுப்புக்கும் அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க.”

“கரகம் யார் எடுக்கிறது?”

“எங்கண்ணன் செல்வம்தான். நாப்பது நாளா கோழி வாசத்தக்கூட மோந்து பாக்கல. அத நெனச்சாத்தான் பயமா இருக்கு. திரும்பி வந்தா அவன் மொகத்த எப்பிடிப் பாக்குறது?”

கரகத்துக்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. புதிதாக ஒரு தெருவில் நுழையும்போது, முதல் வீட்டார் வெளியே வந்து கரகம் எடுப்பவரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றும்வரை கரகம் நகராது. தரையிலும் இறக்கக் கூடாது. யாரும் ஊற்றாவிட்டால் வந்த வழியே திரும்பும். மேல் தெருவின் முதல் வீடு சரசக்காவினுடையது. கடையும் வீடும் ஒன்றுதான்.

கவிதாவும் பிரவீனும் பல வாரமாக யோசித்து ஒரு வழி கண்டிருந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, யாருக்கும் சங்கடம் வரக் கூடாது. அதனால் வகுப்புப் பிள்ளைகளே லயத்திலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, தெரு முனையில் ஒரு பெரிய நீல டிரம்மை நிரப்பி, மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு வைத்துவிட்டார்கள். மேல் தெருக்காரர் யாராவது வந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றினால் போதும். நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை டிரம் தயாராக நின்றது. கோலப்பொடியில் சுற்றிப் பூப் போட்டிருந்தார்கள். நல்ல யோசனை என்றே எனக்கும் பட்டது.

மறுநாள் காலை நல்ல வெயில். கீழே ஓடைப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாங்கள் மேல் தெரு முனையில் நின்றோம். சில வாசல்களில் பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன. அவற்றை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. சரசக்கா கடையைவிட்டு வெளியே வந்து டிரம்மைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இது என்ன?”

“மஞ்சத்தண்ணிங்கக்கா” என்றான் பிரவீன். “நம்ம தெருவுக்குச் சிரமம் வேண்டாம்னு...”

“சிரமம்னு நான் சொன்னனா? எங்க ஊட்டுத் தண்ணி அவிக சாமிக்கு ஆகாதாமா? அவிகளே கொண்டாந்து அவிகளே ஊத்திக்கிட்டா, நாங்க எதுக்கு? கைதட்டறதுக்கா?”

“அப்படியில்லீங்கக்கா...”

“நீ பேசாதடா. கொழா ஒடஞ்சப்ப உங்க தண்ணியே வேண்டாம்னு சொன்னவிகதான? இப்பவும் அதையத்தான் டிரம்முல எழுதி வெச்சிருக்கறாங்க.”

அவர் உள்ளே போனார். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்கடுத்த வீட்டிலும் வாளி உள்ளே போனது. அப்போதுதான் புரிந்தது. யாரும் கேட்காமலே அவர்கள் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் அது.

தப்புச் சத்தம் வளைவைத் தாண்டிவிட்டது. பிரவீன் டிரம்மை நகர்த்தப் பார்த்தான். நிறைந்த டிரம் அசையவில்லை. பூவும் வேம்புமாக ஆடி வந்த கரகம் டிரம்முக்கு முன்னால் வந்து நின்றது. அதன் கீழே செல்வத்தின் முகம் வேர்த்து மஞ்சளாக இருந்தது. மேளம் ஓய்ந்தது. கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது.

“ஊத்து புள்ள” என்றார் பின்னால் நின்ற கோயில் கமிட்டித் தலைவர். “தண்ணி இருக்குதானே. நீயே ஊத்தி விடு, போவம்.”

கவிதாவின் கையில் காலிச் சொம்பு இருந்தது. டிரம் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் மொண்டிருந்தால் கரகம் நகர்ந்திருக்கும். திரும்பிப் போகாது, அவள் அண்ணனுக்கும் தலைகுனிவு இருக்காது. அவள் மொள்ளவில்லை. கடைப் படியில் ஏறி, பாதிக் கதவுக்குள் சொம்பை நீட்டினாள்.

“அக்கா, உங்கூட்டுத் தண்ணி குடுங்கக்கா.”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “கொழாயில தண்ணி சாயங்காலந்தான் வரும். தெரியாதா உனக்கு?”

“தெரியும்க்கா. நிக்கிறோம்.”

“அதுவரைக்கும் தலையில வெச்சுக்கிட்டா?”

“ஆமாக்கா.”

கமிட்டித் தலைவர் நெற்றியில் கைவைத்தார். கரகத்தின் கீழிருந்து செல்வம் தங்கையை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் சாமி கொஞ்சமும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கதவு முழுதாகத் திறந்தது. சரசக்கா சொம்பை வாங்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மஞ்சள் நன்றாகக் கரைந்து தெளிந்திருந்தது. “நேத்து ராத்திரியே கரைச்சு வெச்சாச்சு” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, மொத்தத்தையும் செல்வத்தின் காலில் கவிழ்த்தார்.

“அய்யோ, ஐஸு!” என்று துள்ளினான் செல்வம். கரகம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

“சாமி வந்தவனுக்குக் குளுரு தெரியுதாக்கும்” என்றார் சரசக்கா. இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் சிரித்தது. மேளக்காரர் சிரித்துக்கொண்டே அடியைத் தொடங்கினார்.

உள்ளே போன வாளிகள் வெளியே வந்தன. எல்லாம் வரவில்லை. கடைசி மூன்று வீடுகள் சாத்தியபடியே இருந்தன. அவற்றில் ஒன்று கல்லெறியில் மண்டை உடைந்தவருடையது. கரகம் அந்த வாசல்களில் நிற்காமல் தெருவைத் தாண்டிப் போனது.

என் செருப்பும் பாவாடை ஓரமும் மஞ்சளாகிவிட்டன. சின்ன வயதில், வருடத்தில் ஒரு நாள், அப்பா அதிகாலையில் ஒரு வாளியில் மஞ்சள் கரைத்து எங்கள் வாசற்படியில் ஊற்றுவார். “என்ன கணக்கோ, படியெல்லாம் கறை” என்று அம்மா திட்டுவார். எதற்கு என்று கேட்டால், “பூச்சி வராது” என்பார். நானும் தங்கையும் அந்த மஞ்சள் ஈரத்தில் கால் வைத்து, கூடம் முழுக்கக் காலடித் தடம் பதித்து அடி வாங்கியிருக்கிறோம். நாங்கள் குடியிருந்த தெருவில் எந்தக் கரகமும் வந்ததில்லை. அவர் யாருக்காக ஊற்றினார் என்பது மஞ்சூருக்கு அப்பால் ஒரு டீக்கடை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை சரசக்கா கேட்காமலே பாலில்லாத டீ போட்டுக் கொடுத்தார். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை. அப்பா இத்தனை வருடம் பொத்தி வைத்ததை அவருடைய ஊரிலேயே அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. ஊட்டி வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். எங்கே போனேன் என்றும், கரகம் மேல் தெருவுக்குள் போனது என்றும் சொன்னேன். “மொதல்ல ஊத்துனது யாரு?” என்றார். டீக்கடை வீடு என்றேன். “வாசல்ல ரெண்டு படி இருக்குமே, அதுவா?” என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். பஸ்ஸில் போனால் வேண்டாம். கெத்தை வழிப் பஸ்கள் மிகக் குறைவு, நேரத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு ஒன்றரை மணி நேரம். மே மாதம் என்றாலும் ஸ்வெட்டர் வேண்டும். தங்க லாட்ஜ் மஞ்சூரில் மட்டும்தான் பார்த்தேன். நான் கவிதா வீட்டில் தங்கினேன். லயத்து ஆட்களைப் பார்த்ததும் “சிலோன் எப்படி இருந்தது?” என்று தொடங்காதீர்கள். பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். தன்னார்வ வேலைக்குப் போகிறவர்கள், மற்றவர்களுக்கு எது சங்கடம் என்பதை நீங்களே முடிவு செய்வதற்கு முன், ஒரு டீ குடித்தபடி அவர்களையே கேட்டுவிடுங்கள்.

கவிதா போன வாரம் பேசினாள். மாலை வகுப்பு நடக்கிறது. அந்த நீல டிரம்மை யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை. சரசக்கா அதைக் கடைக்குப் பக்கத்தில் நகர்த்தி, சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும்போது நிரப்பி வைக்கிறார். லயத்துக்குத் தண்ணீர் இறங்காத நாட்களில் அங்கிருந்து மொண்டு போகிறார்கள்.