பன்வேலில் இறங்காதவர்

மும்பை செம்பூரில் நான் காலை ரயில் ஏறும்போதே அவர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பார். நரைத்த மீசை, விரலெல்லாம் தோல் சாயக் கறை, மார்போடு இறுக்கிய பை. கடைசி நிறுத்தமான பன்வேலில் எல்லோரும் இறங்க, அவர் மட்டும் அதே வண்டியில் திரும்பிப் போவார். எனக்குச் சந்தேகம். தினமும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"தூங்குத வேலைதான். ராத்திரி தாராவியில தோல் பட்டறை வேலை. வீட்டுல ஒம்பது பேரு, ஒரே ரூம். அதான் பாஸ் எடுத்துத் தூங்குதேன்."

"பையை ஏன் இப்படிப் பிடிச்சிருக்கீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மணி நேரம் சீட்டு கெடச்சும் தூங்காம வாரீயளே, ஒங்களை எப்படி நம்ப?"

மறுநாள் அவர் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்தேன். பாதி வழியில் ஒரு கண்ணைத் திறந்தேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.